சென்னைத் துறைமுகத் தீயும் தபாலட்டைச் சரித்திரமும்

ஐந்தரை அங்குல நீளம்; மூன்றரை அங்குல அகலம். ஒரு பக்கத்தில் முகவரி எழுதவும் முத்திரை ஒட்டவும் இடம். மறு பக்கத்தில் ஒரு புகைப்படம். பழைய படத் தபாலட்டையின் உருவம் இவ்வளவே. ஆயினும், அரண்மனைகளையும் கோயில்களையும் தேயிலை மலைகளையும் மட்டுமன்றி, தீயையும் வெள்ளத்தையும் யுத்தத்தையுங்கூட இச்சிறு அட்டை தன் முகத்தில் தாங்கி ஊர் ஊராகச் சென்றிருக்கிறது. சரித்திர ஆசிரியர்கள் நெடுங்காலம் இதனைப் பொருட்படுத்தியதில்லை. அரசாங்க அறிக்கையும் தளபதியின் நாட்குறிப்பும் ஆதாரங்களாகக் கொள்ளப்பட்டன. கடைத்தெருவில் சில்லறைக் காசுக்கு விற்ற அட்டையோ பொழுதுபோக்குப் பொருளாக ஒதுக்கப்பட்டது. ஆனால் ஒரு காலத்தின் ஆட்சியாளர் எதைக் காட்ட விரும்பினர், எதைக் காட்டாமல் விட்டனர் என்பதை அறிய, இந்தச் சில்லறைப் பொருளைவிடச் சிறந்த சாட்சி எளிதில் கிடைப்பதில்லை.

அத்தகைய சாட்சிகளுள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சென்னைத் துறைமுகத்தில் பர்மா எண்ணெய்க் கம்பனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அந்தத் தீயைக் காட்டும் புகைப்படங்கள் தபாலட்டைகளாக விற்பனையாயின. இன்றும் அவை சேகரிப்போரின் பெட்டிகளிலும் ஏல விற்பனைகளிலும் தலைகாட்டுகின்றன. வானை மறைக்கும் கரும்புகை, வெப்பத்தால் நெளிந்து சரிந்த இரும்புத் தகடுகள், எட்ட நின்று பார்க்கும் மனிதர்கள் — இவையே அவற்றின் காட்சி. இம்மலைநாட்டு வெலிமடையிலிருந்துகொண்டு, கடல் கடந்த ஒரு பட்டினத்தின் தீயை நாம் ஏன் ஆராய வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அத்தீயின் ஒரு பொறி நமது லயங்களின் குப்பிலாம்பிலும் இருந்தது என்பதே நமது விடை.

முதலில் நிகழ்ச்சியைக் காண்போம். முதலாம் உலக யுத்தம் தொடங்கி ஏழு வாரங்களே ஆகியிருந்தன. சீனக் கடற்கரையில் ஜேர்மனியின் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட ஜேர்மன் கடற்படைப் பிரிவிலிருந்து ‘எம்டன்’ என்னும் போர்க்கப்பல் தனித்துப் பிரிந்து வங்காள விரிகுடாவினுள் புகுந்தது. அதன் தலைவர் கார்ல் பொன் முல்லர். சில நாட்களுக்குள் பல வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும், அது பிரித்தானிய வணிகர்களின் உறக்கத்தைக் கெடுத்தது. செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைக் கடற்கரைக்கு மூவாயிரம் யார் தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிச் சுடத் தொடங்கியது. யுத்தகாலமாயினும் துறைமுகத்து விளக்குகள் அணைக்கப்படவில்லை. சாம்ராச்சியத்தின் கடலில் சாம்ராச்சியத்தை எவர் தீண்டுவார் என்ற இறுமாப்பே அவ்விளக்குகளை எரியவிட்டிருந்தது எனலாம். முதல் முப்பது குண்டுகளுக்குள் எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டன. அரைமணி நேரத்தில் ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டுவிட்டுக் கப்பல் இருளில் மறைந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டவை ஒரு சிலவே. அவற்றால் அதற்கு யாதொரு சேதமும் இல்லை.

துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்று சேதமுற்றது. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். உயர்நீதிமன்றத்தின் மதிலிலும் ஒரு குண்டு விழுந்தது. அவ்விடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் அங்கே உள்ளது. அடுத்த நாட்களில் மக்கள் பெருந்தொகையாக நகரைவிட்டு வெளியேறினர். ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவோ அவ்வேளை உதகமண்டலத்துக் குளிரில் இருந்தார். இந்தியர்களின் கவனத்தைக் கவர்வதும், ஆங்கிலேய வணிகத்தைக் குலைப்பதும், ஆங்கிலேயரின் மதிப்பைத் தாழ்த்துவதுமே தமது நோக்கம் என்று முல்லர் பின்னர்க் குறிப்பிட்டார். அந்நோக்கம் ஓரளவு நிறைவேறியது என்பதில் ஐயமில்லை.

இனி, எரிந்த எண்ணெய் யாருடையது? 1885ஆம் ஆண்டு யுத்தத்தில் மண்டலே அரசனை வென்று, 1886 ஜனவரி முதல் நாளில் பிரித்தானியர் மேல்பர்மாவைத் தமது ஆட்சியுடன் இணைத்தனர். அதே 1886இல் ஸ்கொட்லாந்தில் பர்மா எண்ணெய்க் கம்பனி பதிவு செய்யப்பட்டது. ஐராவதிக் கரையில் ஏனாஞ்சாவுங் என்னும் இடத்தில் பரம்பரை பரம்பரையாகப் பர்மியக் குடும்பங்கள் கைகளால் கிணறு தோண்டி எண்ணெய் இறைத்து வந்தன. அங்கே இயந்திரங்கள் வந்து இறங்கின. கிணற்றின் உரிமை கம்பனிக்குச் சென்றது. தோண்டிய கை கூலிக் கையாயிற்று. இரங்கூனுக்கு அருகே சிரியத்தில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அதில் உழைத்தோருட் பெருந்தொகையினர் இந்தியக் கரையிலிருந்து கடல் கடந்து சென்ற ஏழைகள். இதே கம்பனியின் பணமும் அனுபவமுமே பாரசீகத்தில் எண்ணெய் தோண்டச் சென்றன. 1909இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனி பிறந்தது. 1914இல் பிரித்தானிய அரசாங்கம் அதன் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. ஆகவே சென்னையில் எரிந்தது ஒரு வியாபாரியின் சரக்கு மட்டுமன்று. கடற்படையும் கம்பனியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த ஒரு பேரமைப்பின் விரல்நுனி அது. முல்லர் குறிவைத்த இடம் தற்செயலானதன்று.

அந்த எண்ணெய்க்கு இன்னொரு முகமும் உண்டு. இலுப்பையும் ஆமணக்கும் எரிந்த அகல்களைப் புறந்தள்ளி, மண்ணெண்ணெய் நமது கிராமங்களினுள் புகுந்த காலம் அது. தென்னிந்தியக் கிராமத்தில் விளக்கேற்றிய அதே பொருள், கண்டிச் சீமைக்கும் ஊவாவுக்கும் பஞ்சம் பிழைக்க வந்த மக்களின் பத்தடிக் காம்பராவிலும் குப்பிலாம்பாக எரிந்தது. வெற்று மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர்க் குடமாயிற்று; தட்டி நிமிர்த்திய தகரம் கூரைக்கு ஒட்டாயிற்று. 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியிருந்தது. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் கங்காணிகள் திரட்டிய குடும்பங்கள் அவ்வழியே வரலாயின. எம்டன் கடலில் உலாவிய வாரங்களில் கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின. காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று. கடல்வழி அடைபட்டால் அரிசி வராது, தேயிலை போகாது. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையேயுள்ள உறவு அத்தகையது. கடலையே காணாத கொழுந்துக்காரியின் அடுப்பும் கடலை நம்பியே எரிந்தது.

இப்போது மீண்டும் அட்டைக்கு வருவோம். 1914க்கு முன்னர் உலகெங்கும் விற்ற படத் தபாலட்டைகளுள் பெரும்பகுதி ஜேர்மனியில் அச்சானவை. வண்ண அச்சுக்கலையில் அந்நாட்டு அச்சகங்களை வெல்ல அப்போது எவருமில்லை. ஆங்கிலேயச் சாம்ராச்சியத்தின் பெருமையைப் பறைசாற்றிய அட்டைகளே ஜேர்மன் தொழிலாளியின் கையால் அச்சாகிக் கப்பலேறி வந்தன. சென்னையில் படத் தபாலட்டைகளை வெளியிட்டுப் புகழ்பெற்ற ‘வீலே அன்ட் கிளைன்’ நிலையத்தின் கூட்டாளியான தியடோர் கிளைன் ஒரு ஜேர்மானியரே. முதலாளிகளின் சந்தை எவ்வளவு பின்னிப் பிணைந்திருந்தாலும், அது யுத்தத்தைத் தடுக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

யுத்தத்தோடு ஜேர்மன் அச்சகங்களின் வழி அடைபட்டது. ஆனால் உண்மைப் புகைப்பட அட்டைக்கு அச்சகம் வேண்டியதில்லை. பின்புறத்தில் தபாலட்டைக் கோடுகள் அச்சிட்ட புகைப்படத் தாள் அப்போது கடைகளிற் கிடைத்தது; 1903 முதல் அவ்வளவுக்கே பொருந்தும் கொடாக் கருவியும் விற்பனையில் இருந்தது. இருட்டறை ஒன்றும் நீர்த்தொட்டியும் உள்ள எந்தப் புகைப்பட நிலையமும், பகலில் எடுத்த படத்தை மறுநாள் அட்டையாக்கி விற்க இயலும். பத்திரிகைகளில் புகைப்படம் அரிதாயிருந்த காலத்தில் மக்களின் படச்செய்தியாக விளங்கியது இவ்வட்டையே.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்டன் சுட்டது இரவில். அக்காலத்துக் கருவியால் அந்த அரைமணி நேரத்தைப் பிடித்திருக்க இயலாது. ஆகவே அட்டைகளில் நாம் காண்பது தாக்குதலை அன்று, தாக்குதலின் மறுநாளை. கப்பல் போய்விட்டது, தீ மட்டும் எஞ்சியிருக்கிறது. அட்டையின் தலைப்பு வரி எதிரிக் கப்பலின் பெயரைச் சொல்லும். கம்பனியின் பெயரைச் சொல்லும். ஊரையும் நாளையும் சொல்லும். இறந்தவர் பெயரைச் சொல்லாது. மறுநாள் அந்தத் தீக்கு முன்னே நின்று தண்ணீர் இறைத்தவர் எவர், கொதிக்கும் இரும்பை அகற்றியவர் எவர், அன்றைய கூலியை இழந்த துறைமுகத் தொழிலாளி அன்றிரவு எங்கே உண்டான் என்பதைச் சொல்லாது. படத்தின் ஓரத்தில் தலைப்பாகையோடு நிற்கும் மனிதன் தொட்டியின் உயரத்தை அளந்து காட்டும் கோலாகவே நிற்கிறான். தொட்டிக்கு ஒரு பெயர் உண்டு, அவனுக்கு இல்லை.

எழுத்தும் படமும் சொல்லாததை மக்கள் தம் வாயால் சொல்லிக்கொண்டனர். ‘எம்டன்’ என்ற கப்பற் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே ஆயிற்று. எவர்க்கும் அஞ்சாதவன், எதையும் சாமர்த்தியமாய்ச் செய்து முடிப்பவன், எளிதில் பிடிபடாதவன் — இத்தகையோனை ‘அவன் பெரிய எம்டன்’ என்போம். நம் அயலிலுள்ள சிங்கள மக்களும் அச்சொல்லை அறிவர். குழந்தைகளை அச்சுறுத்தவும், வியந்து பாராட்டவும் ஒரே சொல் பயன்பட்டது. வெள்ளைத் துரையை அஞ்சவைத்த ஒருவன் எங்கோ இருக்கிறான் என்பதில் மக்கள் உள்ளூர ஒரு மகிழ்ச்சி கொண்டனர் என்பதே இதன் பொருள்.

இந்த மகிழ்ச்சியே ஒரு கதையையும் பிறப்பித்தது. திருவனந்தபுரத்தில் பிறந்த தேசபக்தர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்து சென்னைத் தாக்குதலை நடத்தினார் என்று இன்றும் மேடைகளில் முழங்குவோர் உளர். நாம் மாணாக்கர்க்கு உண்மையையே கற்பிக்கக் கடமைப்பட்டவர்கள். செண்பகராமன் 1914இல் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவொன்றை அமைத்துவிட்டு, அங்கிருந்து பேர்லினுக்குச் சென்றவர். அவர் அக்கப்பலில் இருந்ததற்கு ஆதாரமில்லை. கதையை மறுப்பதால் அவரது தியாகம் குறைந்துவிடாது. ஆனால் இக்கதை ஏன் வேண்டியிருந்தது என்று நாம் கேட்க வேண்டும். தீயைக் காட்டிய அட்டையில் தம்மவர் ஒருவரும் இல்லாததால், மக்கள் தம்மவர் ஒருவரைக் கற்பனையால் கப்பலில் ஏற்றினர். இன்னொன்றையும் மறத்தலாகாது. ஒரு சாம்ராச்சியத்தின் குண்டு மற்றொரு சாம்ராச்சியத்தின் எண்ணெயில் வீழ்ந்தது. இடையில் செத்தவர் இரண்டிலும் பங்கில்லாத எளியவர். ஜேர்மன் ஏகாதிபத்தியம் நமக்கு விடுதலை கொணர வந்ததன்று.

எம்டனின் நிழல் நமது ஊவா மலைகளிலும் வீழ்ந்தது. வெலிமடைக்கு அருகேயுள்ள தியத்தலாவையில், 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்க யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் ஐயாயிரம் பேர் கொணர்ந்து அடைக்கப்பட்டனர். 1914இல் அதே தியத்தலாவையில், இலங்கையில் வாழ்ந்த ஜேர்மானியர் சிறைவைக்கப்பட்டனர். தொடந்துவைத் தீவுத் துறவிமடத்தைச் சேர்ந்த ஜேர்மானிய பௌத்த பிக்கு ஞானதிலோகரும் அவர்களுள் ஒருவர். 1915இல் அவர் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். போயர் கைதியாக வந்து, பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இந்நாட்டிலேயே தங்கிவிட்ட எங்கெல்பிரெக்ட் என்பவர் யால வனத்தின் முதற் காவலரானார். எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் அவரும் சிறைசென்றார். எம்டனோ நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளருகே ‘சிட்னி’ என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பலால் சிதைக்கப்பட்டது. அது உலாவியது சில வாரங்களே. அதன் பெயரால் எழுந்த சந்தேகம் அதைவிட நீண்டகாலம் வாழ்ந்தது.

எல்லாத் தீயும் தபாலட்டையாகும் பேறு பெறுவதில்லை. 1944 ஏப்ரல் 14ஆம் திகதி பம்பாய் விக்டோரியா துறையில் ‘போர்ட் ஸ்டிக்கின்’ என்ற கப்பல் எரிந்து வெடித்தது. பஞ்சுப் பொதிகளையும் சுமார் 1,400 தொன் வெடிபொருளையும் ஒரே கப்பலில் ஏற்றிய அலட்சியமே அதற்குக் காரணம். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைக்கச் சென்ற படையினருள் மட்டும் 66 பேர் உயிர்நீத்தனர். இந்தியாவில் ஏப்ரல் 14 இன்றும் தீயணைப்போர் நினைவுநாளாக அனுசரிக்கப்படுகிறது. துறைமுகத்தை அடுத்த குடிசைகள் சாம்பலாயின. ஆனால் அரசாங்கம் செய்தியை அடக்கியது. வெளியுலகம் முதலில் அறிந்தது எதிரியின் வசமிருந்த சைகோன் வானொலியின் வாயிலாகவே. அங்கு எடுக்கப்பட்ட திரைப்படச் சுருளை இராணுவம் பறித்துக்கொண்டது.

இவ்விரண்டு தீயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஐவர் மாண்ட சென்னைத் தீ அட்டையாகிக் கடைகளில் விற்றது. நூற்றுக்கணக்கானோர் மாண்ட பம்பாய்த் தீ அடக்கி வைக்கப்பட்டது. முதலாவது எதிரி மூட்டிய தீ. அதைக் காட்டினால் எதிரியின் கொடுமை தெரியும். இரண்டாவது ஆள்வோரின் அலட்சியம் மூட்டிய தீ; அதைக் காட்டினால் ஆள்வோரின் கொடுமை தெரியும். புகைப்படம் பொய் சொல்லாது என்பர். இருக்கலாம். ஆனால் எந்தப் படம் வெளிவர வேண்டும், எது பூட்டப்பட வேண்டும் என்று தீர்மானிப்பவன் பொய் சொல்ல வல்லவன்.

இந்தத் தீர்மானத்தை நமது மலைநாட்டின் அட்டைகளிலும் காணலாம். கொழும்பில் பிளாட்டே கம்பனியும் பிறரும் விற்ற இலங்கைப் படவரிசைகளில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு நிலையான இடம் உண்டு. கூடை முதுகில் இருக்கும். கழுத்தில் நகை இருக்கும். பின்னணியில் பச்சை மலை இருக்கும். தலைப்பில் ‘தமிழ்க் கூலி’ என்றிருக்கும். அவள் பெயரும், அவள் கைநாட்டு வைத்த கடனும், அவள் இழந்த குழந்தையும் இரா. அந்த அட்டையை வாங்கி இலண்டனுக்கு அனுப்பிய கனவான், அவளுடைய முகத்தின் மறுபுறத்தில்தான் தன் சுகசெய்தியை எழுதினான்.

1938இல், அதே பர்மா எண்ணெய்க் கம்பனியின் தொழிலாளர், சௌக்கிலிருந்தும் ஏனாஞ்சாவுங்கிலிருந்தும் உரிமை கேட்டுப் பல நூறு மைல் தூரம் நடந்தே இரங்கூனை நோக்கிச் சென்றனர். அவர்களுக்கு ஆதரவாய் எழுந்த மாணவர் கூட்டத்தின் மீது தடியடி வீழ்ந்தது. அதில் அவுங் சோ என்ற மாணவர் உயிர் துறந்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அதே ஆண்டில் நமது பதுளையிலே, வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த குழுவின்கீழ் ஒன்றுதிரண்டு நின்றனர். இவற்றுக்கெல்லாம் எந்தக் கம்பனி அட்டை அச்சிட்டது? எந்தக் கடை விற்றது? எண்ணெய் எரிந்தால் படம். எண்ணெய் எடுத்தவன் எழுந்தால் மௌனம். இதுவே அக்காலத்துச் சட்டம்.

இன்று காலம் மாறிவிட்டது என்பர். கருவி மாறியது மெய்யே. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பாற் கடலில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியபோது, அதன் கரும்புகையைக் கைப்பேசியில் காணாதவர் இல்லை. ஆயிரக்கணக்கான தொன் சரக்கும் அமிலமும் பிளாஸ்டிக் மணிகளும் கடலில் கலந்தன. மீனவரின் தொழில் முடங்கியது. புகையின் படம் உலகைச் சுற்றிவர ஒரு நாழிகை போதுமாயிருந்தது. மீனவரின் முறைப்பாடு நீதிமன்றத்தின் தீர்ப்பை எட்ட 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியதையும் நாம் கண்டோம். நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெயையே நம்பியிருந்த வெலிமடை உருளைக்கிழங்குக் கமக்காரனும், லயத்தில் விளக்குக்கும் அடுப்புக்கும் அதையே நம்பியிருந்த குடும்பமும் ஒரே வரிசையில் கையில் தகரத்துடன் நின்றனர். அந்த வரிசையில் சிங்களவன் இன்னான், தமிழன் இன்னான் என்று எண்ணெய் பேதம் பார்க்கவில்லை. 1914இல் சென்னைத் தொட்டிகளில் எரிந்த கேள்வி, நூறாண்டு கடந்தும் அந்த வரிசையில் நின்றது: பூமியின் எண்ணெய் எவர் கையில்? அதன் ஒளி எவர் வீட்டில்?

நமது தோட்டங்களில் லயங்கள் தீப்பற்றுவது இன்றும் புதிதன்று. ஒரு காம்பராவில் பிடித்த தீ, ஒரே கூரையின் கீழுள்ள அத்தனை காம்பராக்களையும் பொழுது விடியுமுன் கரியாக்கிவிடுகிறது. பிறப்புச் சாட்சிப்பத்திரமும், பிள்ளையின் பாடப்புத்தகமும், சுவரில் மாட்டிய பாட்டனின் ஒரே புகைப்படமும் அதிலே போய்விடுகின்றன. பாட்டனின் அந்தப் புகைப்படம் எரிந்தால், அக்குடும்பத்தின் சரித்திரத்துக்கு இருந்த ஒரே அட்டை எரிந்ததாகும். வேறு படி எந்தக் கடையிலும் கிடையாது.

எனவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. வகுப்பில் ஒரு பழைய படம் காட்டப்படும்போது, இது எந்த ஊர், எந்த ஆண்டு என்பதோடு நின்றுவிடாதீர்கள். இதை எடுத்தவன் எங்கே நின்றான், எவர் பணத்தில் எடுத்தான், தலைப்பை எவர் எழுதினார், ஓரத்தில் நிற்பவர் யார் என்றும் கேளுங்கள். விடுமுறையில் வீடு செல்லும் மாணவர், தகரப் பெட்டியின் அடியிற் கிடக்கும் பழைய படங்களையும் துண்டுக் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். படத்திலுள்ளோரின் பெயர்களைப் பாட்டியிடம் கேட்டு அதன் பின்புறத்திலே எழுதி வையுங்கள். அது சிறு வேலைதான். ஆனால் சென்னைத் தீயின் அட்டைகளை விற்றவர் செய்யாத வேலை அது.

அவ்வட்டைகளின் பின்புறம் எழுதுவதற்காகவே வெறுமையாய் விடப்பட்டது. அன்று அதில் எழுத நம்மவர்க்கு எழுத்துமில்லை, அனுப்ப முகவரியுமில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு எழுத்து உண்டு. பெயர்களை அவர்கள் எழுதட்டும்.